பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு மொன்றியால் போகலாமா? எனக்கு நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, வீட்டுக்காரர் தயங்குகிறார்

முத்தியால்பேட்டைக்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டை. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-இல் கொடுத்த ஆறு மாத அவகாசத்தில் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் அங்கே லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா எங்களை பிரான்சுக்கு அழைத்துவந்துவிட்டார். இப்போது பாரிஸுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறோம். நர்ஸ் படிப்பு இங்கேயே முடித்தேன், அரசு மருத்துவமனை ஒன்றில் இதயநோய்ப் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் வில்லியனூர், கல்யாணத்துக்குப் பிறகு வந்தவர். ருவாசி விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கில் இருக்கிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4.

போன அக்டோபரில் கனடாவின் கியூபெக் மாகாண மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்க பாரிஸில் நேர்காணல் நடந்தது. தோழி ஒருத்தி கூப்பிட்டாளே என்று துணைக்குப் போனேன். அவளுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்துவிட்டது. மொன்றியாலில் மூன்று வருட ஒப்பந்தம்.

எனக்கு ஆசை. இங்கே சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது, இரவு வேலை முடிந்து ஆர்.இ.ஆர். ரயிலில் நின்றுகொண்டே வருகிறேன். வீட்டுக்காரர் சொல்வதும் நியாயம்தான்: "ஒரு தடவை ஊரை விட்டு வந்தாயிற்று. பிரெஞ்சு கற்றுக்கொண்டேன், கார் லைசென்ஸ் எடுத்தேன், குளிரும் பழகிவிட்டது. திரும்பவும் ஒன்றாம் வகுப்பா?" அம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், மகனைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

என் டிப்ளோமாவை அங்கே அப்படியே ஏற்பார்களா? போய் இறங்கிய நாளிலிருந்து மருத்துவக் காப்பீடு இருக்குமா? வீட்டை இங்கிருந்தே பிடிக்கலாமா? சின்னவனுக்குப் பள்ளி உண்டா? பிரான்சில் எதை மூடிவிட்டு, எதை வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்?

இன்னொன்று. இத்தனை வருடம் கழித்தும் லிஃப்டில் வருகிற கிழவி "நீங்கள் எந்த நாட்டுக்காரர்?" என்று கேட்கிறாள். பிரான்ஸ் என்றால், "இல்லை, உண்மையில்?" என்பாள். மொன்றியாலிலும் இந்தக் கேள்விக்கு முதலிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

ரோஸ்மோன் வாசி

நான் காரைக்கால், வளர்ந்தது உங்களுக்கு அடுத்த ஊரான கார்ழில். என் மனைவியும் நர்ஸ், நீங்கள் சொல்லும் அதே ஏற்பாட்டில்தான் வந்தார். எனக்குக் கணக்கு வேலை. ஆகவே காசு விஷயத்தில் கொஞ்சம் அறுப்பேன், மன்னிக்கவும்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான்.

இங்கே நீங்கள் வாயைத் திறந்த மறுநொடி பிரெஞ்சுக்காரி ஆகிவிடுவீர்கள். கிண்டல் இல்லை. நான் வந்த புதிதில் ஒரு கடையில் திருகாணி கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "பிரான்சிலிருந்து வருகிறீர்களா? பாரிஸ்தானே?" என்றார். கார்ழில் அத்தனை வருடம் இருந்தும் யாரும் என்னைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை. நிறம், பெயர் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு உச்சரிப்பு போய் நிற்கிறது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன், பிரெஞ்சுக்காரனாக ஆவதற்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று.

ஆனால் அந்தப் பட்டத்தோடு அதற்கான பழியும் சேர்ந்தே வரும். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் வாயாடிகள், எதற்கெடுத்தாலும் குறை சொல்வார்கள், எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி பேசுவார்கள் என்று இங்கே ஒரு பெயர் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பாரிஸில் கூட்டத்தில் உட்கார்ந்து "இது சரிப்படாது" என்று தொடங்கினால் புத்திசாலி என்பார்கள். இங்கே அப்படித் தொடங்கினால் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள், அடுத்த கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். யாரும் முகத்துக்கு நேரே சண்டை போட மாட்டார்கள். "பிரான்சில் நாங்கள் இதை எப்படிச் செய்வோம் என்றால்" என்ற வாக்கியத்தை மட்டும் முதல் ஒரு வருடம் வாயில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், நிறம் மறைந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. போனில் என் பாரிஸ் உச்சரிப்பைக் கேட்டு "உடனே வந்து பாருங்கள்" என்ற வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், நேரில் பார்த்ததும் வீடு சற்றுமுன்தான் போய்விட்டது என்றார். இதுவும் நடக்கும்.

வேலைக்கு வருகிறேன். 2008 அக்டோபர் 17 அன்று அப்போதைய பிரெஞ்சு அதிபர் சர்கோசியும் கியூபெக் முதல்வர் ழான் சாரேயும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பக்கத்துத் தொழில் தகுதிகளையும் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான ஒப்பந்தம் அது. அதன்கீழ் நர்ஸுகளுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. பிரான்சின் அரசு டிப்ளோமா இருப்பவர்கள் இங்கே ஒரு மருத்துவமனையில் 75 நாள் பழகுநராக வேலை செய்து தேறினால் போதும், கியூபெக் நர்ஸ் சங்கத்தின் தேர்வை எழுத வேண்டாம். மற்ற நாட்டு நர்ஸுகள் இதற்காக என்ன பாடு படுகிறார்கள் என்று பார்த்தால் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய சலுகை.

அந்த 75 நாளைச் சும்மா சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே நர்ஸின் வேலையே வேறு மாதிரி. நோயாளியின் நெஞ்சையும் வயிற்றையும் ஸ்டெதஸ்கோப் வைத்து நீங்களே கேட்டு, தட்டிப் பார்த்து, உங்கள் கணிப்பை விரிவாக எழுத வேண்டும். பிரான்சில் அதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிற பழக்கம் நமக்கு. குளிப்பாட்டுவது போன்ற வேலைக்கு உதவியாளர்கள் இருப்பார்கள், ஊசி, மருந்தில் பெரும்பகுதியைத் துணை நர்ஸுகள் பார்ப்பார்கள். பத்து வருட அனுபவத்தோடு வந்த என் மனைவியை இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி திருத்தினாள். அதுவும் "நீ" போட்டு. இங்கே வேலையிடத்தில் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் "நீ" என்றுதான் பேசுவார்கள். முதல் மாதம் தினமும் புலம்பினார், இப்போது அவரே பிரான்சிலிருந்து வருகிற புதியவர்களை அப்படித்தான் திருத்துகிறார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட் என்பதை எழுத்தில் கேளுங்கள். சீனியாரிட்டி இங்கே வேதவாக்கு. புதிதாக வருகிறவருக்கு மாலை அல்லது இரவு ஷிஃப்ட்தான் மிஞ்சும். ஷிஃப்ட் முடிந்து கோட்டு மாட்டும்போது "ஆள் வரவில்லை, இன்னொரு ஷிஃப்ட் இருங்கள்" என்று கட்டாயமாக நிறுத்திவைக்கும் கட்டாய ஓவர்டைம் வழக்கமும் இருக்கிறது. கியூபெக் நர்ஸுகள் வருடக்கணக்காக அதை எதிர்த்துப் போராடுகிறார்கள். உங்கள் பிரிவில் அது எவ்வளவு அடிக்கடி என்று நேர்காணல் செய்தவரிடமே கேளுங்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

விடுமுறையையும் பாருங்கள். அரசு மருத்துவமனையில் உங்களுக்கு வருடத்துக்கு நான்கு வாரம் வரும். உங்கள் வீட்டுக்காரர் தனியார் கிடங்கில் சேர்ந்தால் சட்டப்படி முதல் வருடங்களில் இரண்டே வாரம், மூன்று வருடம் முடிந்தால் மூன்று. ஐந்து வாரத்துக்குப் பழகிய உடம்புக்கு இது உறைக்கும். புதுச்சேரிக்கு நாலு வாரம் போய்வருவதெல்லாம் கனவு.

அவருக்கு வேலை கிடைக்குமா என்பதில் பெரிதாகக் கவலை வேண்டாம். நீங்கள் நர்ஸ் என்பதால் அவருக்குத் திறந்த வேலை அனுமதி கேட்கலாம், எந்த முதலாளியிடமும் சேரலாம். செயின்ட் லோரன், டோர்வால் பக்கம் முழுக்கக் கிடங்குகள். கொஞ்சம் ஆங்கிலம் இருந்தால் சம்பளத்தில் தெரியும். பிரெஞ்சைப் பற்றி அவர் பயப்படவே வேண்டாம். இந்த ஊர் உச்சரிப்பு முதல் மாதங்களில் பாரிஸில் பிறந்து வளர்ந்தவனுக்கும் புரியாது. அந்த விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு.

மருத்துவக் காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கியூபெக்கின் காப்பீடு புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று மாதம் வரை காத்திருக்கச் சொல்லும். பிரான்சோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால் நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் அது தானாக நடக்காது. கிளம்பும் முன் உங்கள் செக்யூ, அதாவது பிரான்சின் சமூகக் காப்பீட்டு அலுவலகத்தில் எஸ்.இ. 401-கியூ-207 என்ற படிவத்தைக் கேட்டு, குடும்பத்தில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து, கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். கவுன்டரில் இருப்பவர் "அப்படி ஒன்று இல்லையே" என்று சொல்லக்கூடும். எண்ணைச் சொல்லி நில்லுங்கள்.

பல், கண்ணாடி இரண்டையும் அங்கேயே முடித்துவிடுங்கள். கியூபெக்கின் பொதுக் காப்பீட்டில் 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத்தான் பல் வைத்தியம் உண்டு. குடும்ப டாக்டர் வேண்டுமென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டியதுதான். 811-ஐக் கூப்பிட்டால் ஒரு நர்ஸ் பேசுவார், பாதி நேரம் அதுவே போதும்.

வீட்டை அங்கிருந்தே பிடிக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு அறைகலனோடு உள்ள வீட்டை எடுத்துக்கொண்டு இங்கே வந்து தேடுங்கள். குடும்பத்துக்கு "நாலரை" வேண்டும், அதாவது நான்கு அறை, அரை என்பது குளியலறை. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜூலை 1 அன்று ஊரே சோபாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நிற்கும். டெபாசிட் கேட்பது கியூபெக்கில் சட்டவிரோதம். முதல் மாத வாடகையை மட்டும் முன்னதாக வாங்கலாம். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் அங்கே கொடுத்துப் பழகியதால் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள். அது தெரிந்தே சிலர் கேட்கிறார்கள்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் கேட்கும் இன்னொன்று கடன் வரலாறு. பிரான்சில் கடன் வாங்காதவன் நல்லவன். இங்கே கடன் வாங்காதவனை யாருக்கும் தெரியாது. வந்த வாரமே வங்கியில் ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள், கொஞ்சப் பணத்தைப் பிணையாக வைத்தாவது. மளிகைக்கு மட்டும் அதைத் தேய்த்து மாதாமாதம் முழுவதையும் கட்டுங்கள். வேறு வழியில்லை.

குழந்தைகளுக்கான கனடா அரசின் உதவித்தொகை நல்ல தொகைதான், ஆனால் தற்காலிக வேலை அனுமதியில் வருகிறவர்களுக்கு 18 மாதம் இங்கே இருந்த பிறகுதான் வரும். பிரான்சில் காஃப் அலுவலகம் தரும் குடும்ப உதவிப் பணமும் நீங்கள் கிளம்பியதும் நின்றுவிடும். நடுவில் உள்ள அந்த ஒன்றரை வருடத்துக்குச் சேமிப்பு வேண்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசுங்கள்.

பிரான்சில் மூட வேண்டியது, வைக்க வேண்டியது: வரி அலுவலகத்துக்குப் புது முகவரி கொடுங்கள். காஃப், செக்யூ இரண்டுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ஒரு வங்கிக் கணக்கை உயிரோடு வையுங்கள். லிவ்ரே ஆ சேமிப்புக் கணக்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே வரியில்லாத அதன் வட்டிக்கு இங்கே வரி உண்டு. கனடா உங்கள் உலக வருமானம் முழுவதையும் கேட்கும், கியூபெக்குக்குத் தனியாக இன்னொரு படிவம், இரண்டும் ஏப்ரல் 30-க்குள். எல்.இ.பி. என்ற சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை மூடியாக வேண்டும், வரிக் கணக்கில் பிரான்சில் வசிப்பவர்களாக உள்ளவர்களுக்கு மட்டுமே அது.

வந்ததும் பிரெஞ்சுத் தூதரகப் பதிவேட்டில் பெயர் சேருங்கள். இலவசம், ஐந்து வருடம் செல்லும். பாஸ்போர்ட் புதுப்பிக்க எளிது, ஓட்டும் உண்டு. 2012-லிருந்து வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கு நாடாளுமன்றக் கீழவையில் 11 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சேர்த்து ஒருவர். புதுச்சேரியில் தேர்தல் நாளில் தாத்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு வரிசையில் நிற்பார்களே, அதேபோல் இங்கே நாம் பனி பூட்ஸோடு நிற்கிறோம்.

பள்ளியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், எங்களுக்குக் குழந்தை இங்கே வந்த பிறகுதான் பிறந்தது.

பார்க் எக்ஸ் அன்ரி

தங்கச்சி, பள்ளிக்கூட விஷயம் நான் சொல்லுறன். பேத்திகளைக் கூட்டிப்போய் வருவதே என் வேலை.

மகள் நேராக நாலாம் வகுப்புக்குப் போவா. வீட்டு முகவரிக்கு எந்தப் பள்ளிக்கூடமோ அதிலேதான் இடம், அரசுப் பள்ளிக்கூடம் என்றால் காசு இல்லை. சின்னவர்தான் சிக்கல். பிரான்சில் மூன்று வயதிலேயே கட்டாயம் பள்ளிக்கூடம். இங்கே செப்டம்பர் 30-க்குள் 5 வயது முடிந்தால்தான் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இடம் நிச்சயம். 4 வயதுக்கும் வகுப்பு இருக்கு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. இல்லாவிட்டால் பகல் பராமரிப்பு நிலையம். அரசு மானியம் உள்ளதுக்குக் காசு குறைவு, மற்றதுக்கு அதைவிடப் பல மடங்கு. மானியம் உள்ளதுக்கு லைன் நீளம், இப்பவே பதிந்து வையுங்கோ.

ஸ்தானிஸ்லாஸ், மரி த பிரான்ஸ் என்று பிரான்சுப் பாடத்திட்டப் பள்ளிக்கூடங்களும் இருக்கு. ஸ்தானிஸ்லாஸ் 1938-இல் தொடங்கினது. மூன்று வருடத்தில் திரும்பிவிடுவோம் என்று நினைக்கிற பெற்றோர் அங்கே காசைக் கொட்டிச் சேர்ப்பார்கள். என் எண்ணம், பிள்ளை தெருவில் இருக்கிற மற்றப் பிள்ளைகளோடு படிக்கட்டும். மைனஸ் 15 என்றாலும் இடைவேளைக்கு வெளியில் விடுவார்கள், பயப்படாதேங்கோ. பனிக்கான உடுப்பு, சப்பாத்து எல்லாம் இங்கே வந்து வாங்குங்கோ. பாரிஸில் குளிர் கோட்டு என்று விற்கிறது இங்கே அக்டோபருக்கு மட்டும்தான் காணும்.

தமிழுக்கு என்ன குறை? பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ழான் தலோன் வீதியில் நடந்தால் முருங்கைக்காய், வெற்றிலை எல்லாம் கிடைக்கும். கோத் தெ நேஜிலும் எங்கட சனம் கனக்க இருக்கு. முருகன் கோயில் மேற்கே டொலார் தெ ஓர்மோவில், கார் இருந்தால் சுகம். பாரிஸில் உங்கட லா ஷப்பல் மாதிரி ஒரே இடத்தில் எல்லாம் குவிஞ்சு இராது. பெரிய தமிழ்க் கூட்டம் வேணும் என்றால் ரொறன்ரோ, பஸ்ஸில் ஆறு மணித்தியாலம்.

ஒன்று சொல்ல வேணும், குறை நினைக்காதேங்கோ. 1986-இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோது மீன்பிடிக்காரர் காப்பாற்றினார்கள். அவர்களில் கொஞ்சப் பேர் பிறகு இந்த ஊருக்குத்தான் வந்தார்கள். நாங்களும் அந்தக் காலத்தில் வந்த ஆட்கள்தான், ஒரு சொல்லும் பிரெஞ்சு தெரியாமல். நீங்கள் மொழியும் வேலையும் பாஸ்போர்ட்டும் கையில் வைத்துக்கொண்டு, பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்ற தெம்போடு வாறீங்கள். உங்கட அவருக்கு அதைச் சொல்லுங்கோ. ஒன்றாம் வகுப்பு நாங்கள் படிச்சது.

லியோனில் இறங்கியவன்

மேலே இருக்கும் இரண்டு பேரும் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் மொன்றியாலிலிருந்து திரும்பி வந்தவன், அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஊர் பிடிக்காமல் வரவில்லை. மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது, மனைவி ஒரே பெண். நீங்கள் கேள்வியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, "அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்று, அதை முதலில் செய்யுங்கள். படிவமெல்லாம் பிறகு. மகனைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அங்கே போனால் அந்த இடத்தில் யார்? உங்கள் மாலை ஷிஃப்டில் உங்கள் வீட்டுக்காரர் ஒருவரே இரண்டு பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவருக்கு விசா வேண்டாம், இணையத்தில் 7 டாலர் கட்டிப் பயண அனுமதி வாங்கினால் போதும், ஒரு தடவைக்குப் பொதுவாக ஆறு மாதம் வரை இருக்கலாம். ஆனால் அவருக்கு அங்கே மருத்துவக் காப்பீடு கிடையாது, தனியாக வாங்க வேண்டும். வயதானவர்களுக்கு அது மலிவில்லை.

திரும்பும் கதை எப்படி என்றால், பிரான்சில் வீடு வாடகைக்குக் கேட்டால் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கடைசி வருட வரிச் சீட்டும் கேட்பார்கள். உங்களிடம் இருப்பதெல்லாம் டாலரில் இருக்கும். நான் பிறந்து வளர்ந்த நாட்டில், கையில் வேலைக் கடிதம் இருந்தும் சின்னம்மா வீட்டு ஹாலில் படுத்திருந்தேன். அதனால் அங்குள்ள சம்பளச் சீட்டு, வரிப் படிவம், வாடகை ரசீது ஒன்றையும் எறியாதீர்கள். ஓய்வூதியத்துக்குக் கவலை இல்லை, கியூபெக்கோடு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே வேலை செய்த வருடங்களும் கணக்கில் சேரும். கிளம்பும் முன் உங்கள் பணிக்காலப் பட்டியலை இணையத்தில் இறக்கி, விடுபட்ட மாதங்கள் இருந்தால் இங்கே இருக்கும்போதே சரிசெய்யுங்கள். ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பையன் இன்றும் பனியில் ஹாக்கி விளையாட முடியவில்லையே என்று அழுகிறான்.

முத்தியால்பேட்டைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் தாத்தா சைகோனிலிருந்து கடிதம் போட்டால் வந்துசேர எத்தனை வாரம் ஆகும் தெரியுமா? நீ தினமும் போனில் வருவாய் இல்லையா" என்றார். ஆறு மாதம் வந்து இருப்பாராம், குளிர்காலத்தில் மட்டும் மாட்டாராம்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் படித்தார். அன்ரி எழுதியதை இரண்டு தடவை படித்தார். இன்னும் சரி என்று சொல்லவில்லை, ஆனால் 18 மாதக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: பிரெஞ்சு லைசென்ஸ் அங்கே செல்லுமா, திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டுமா? மருத்துவமனை எனக்கு பிப்ரவரி அல்லது ஆகஸ்ட் என்று இரண்டு தேதி கொடுத்திருக்கிறது, எதை எடுக்கலாம்?

ரோஸ்மோன் வாசி

ஆகஸ்ட். பள்ளி ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், மகள் முதல் நாளிலிருந்தே வகுப்பில் இருப்பாள். பிப்ரவரியில் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கி வீடு தேடுவது தண்டனை. ஆகஸ்டில் ஜூலை 1 தாண்டியிருக்கும் என்பதால் மீதியிருக்கும் வீடுகள் குறைவாக இருக்கும், ஆனால் அவசரத்தில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களும் கிடைப்பார்கள்.

லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம். பிரான்சோடு ஏற்பாடு இருப்பதால் எழுத்துத் தேர்வும் இல்லை, ஓட்டிக் காட்டவும் வேண்டாம். கியூபெக்கின் வாகன அலுவலகத்தில் நேரம் குறித்துக்கொண்டு, பிரெஞ்சு லைசென்ஸையும் வேலை அனுமதியையும் கொண்டுபோனால் போதும். வந்த முதல் வாரமே நேரம் குறிக்கச் சொல்லுங்கள், நாள் தள்ளித்தான் கிடைக்கும். கார் வாங்கினால் பனிக்கால டயரையும் விலையில் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம், நான்கு டயர் தனியாக வாங்கப் போனால் நவம்பரில் விலை கேட்கவே வேண்டாம்.